உங்கள் பெயரில் ஒரு வண்டி

அக்கா,

நேற்று சாயங்காலம் பள்ளி விட்டுக் கேம்ப் ரோட்டில் நடந்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது. குடை எடுத்துப் போகவில்லை. பழைய பைக் விற்கும் அந்த ஷோரூமின் தகரக் கூரைக்கு அடியில் போய் ஒதுங்கினேன். வண்டிகளின் டயருக்கெல்லாம் அப்போதுதான் பாலீஷ் போட்டிருந்தார்கள் போலிருக்கிறது. அந்தக் கறுப்பு பாலீஷின் நெடியும் பெட்ரோலும் மழை ஈரமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறியதும், உள்ளே எங்கேயாவது நீங்கள் குனிந்து எதையாவது ஆராய்ந்துகொண்டிருப்பீர்கள் என்று கண் தானாகத் தேடியது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஒரு பெண் ஓடி வந்து, வண்டி பார்க்க வந்தீர்களா மேடம் என்று கேட்டாள். மழைக்கு நின்றேன் என்றேன். அதனால் என்ன என்று நாற்காலி எடுத்துப் போட்டாள். மழை விடும்வரை அரை மணி நேரம் அதில் உட்கார்ந்து உங்களோடு பேசிக்கொண்டிருந்தேன். சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் வண்டிப் பேச்சை எடுத்த அன்று உங்களுக்கு ஐம்பத்தொன்று, எனக்கு நாற்பது. நீங்கள் வேதியியல், நான் தமிழ். ஆசிரியர் அறையில் ஒரே மேசையின் இரண்டு பக்கம் பத்து வருடமாக உட்கார்ந்திருந்தோம். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், வண்டி வாங்கப்போவதாகச் சொன்னீர்கள். அனகாபுத்தூரிலிருந்து சேலையூருக்கு இரண்டு பஸ் மாறி வருகிறவர், ஸ்கூட்டர் வாங்கிக்கொள்வது நல்லதுதான் என்று நினைத்தேன். ஸ்கூட்டர் இல்லை, கியர் போட்டு ஓட்டுகிற மோட்டார் சைக்கிள் என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"பத்தொன்பது வருஷம் அவர் பின்னாடி ஒரு பக்கமா உக்காந்து போயிருக்கேன் சுமதி. இந்த ஊர் ரோடெல்லாம் எனக்கு இடது பக்கம் மட்டும்தான் தெரியும். பல்லாவரத்துல வலது பக்கம் என்ன கடை இருக்குன்னு கேட்டா முழிப்பேன். ஒரு தடவையாவது முன்னாடிலேருந்து பாக்கணும்."

உங்கள் கணவர் இறந்து அப்போது மூன்று வருடம். டேனியல் படிப்பு முடித்துப் புனேயில் வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் நீங்கள் தனி. இத்தனை நாள் பழகியும் உங்களுக்கு இப்படி ஓர் ஆசை இருப்பது எனக்குத் தெரியாமல் போனதே என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

வண்டி பார்க்க நீங்கள், நான், துணைக்கு என் வீட்டுக்காரர் என்று மூன்று பேரும் கிளம்பினோம். போன இடத்திலெல்லாம் விற்கிறவர்கள் அவரைப் பார்த்தே பேசினார்கள். மைலேஜை அவரிடம் சொன்னார்கள், சாவியை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் பாவம், ஒவ்வொரு முறையும் உங்கள் பக்கம் கையைக் காட்டி அலுத்துப்போனார். இன்னொன்றும் கவனித்தோம். எந்தக் கடைக்குப் போனாலும் நல்ல வண்டி என்று காட்டுவதெல்லாம் டாக்டர் ஓட்டிய வண்டியாகவே இருந்தது. மூன்றாவதாக இந்த ஷோரூமுக்கு வந்தபோதும் சேல்ஸ்மேன் கார்த்திக் அதே பாட்டைத்தான் பாடினான்.

"ஒரே ஓனர் சார். டாக்டர் வண்டி. ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும் மட்டும்தான் ஓடிகீது."

நீங்கள் அவன் முன்னால் போய் நின்றீர்கள். "தம்பி, வாங்கப்போறது நான். என்னைப் பாத்துப் பேசுங்க. எந்த டாக்டர்? பேர் சொல்லுங்க, எனக்கு ரெண்டு நாளா பல்லு வலி."

கார்த்திக் நெளிந்தான். அவன் பதிலுக்குக் காத்திராமல் நீங்கள் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். சிவப்பு நிறம், நூற்றைம்பது சிசி. பளபளவென்று இருந்தது. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. நீங்கள் சீட்டைக் கழற்றச் சொன்னீர்கள். அடியில் ஒயர்கள் சேரும் இடத்தில் செம்பு பச்சை பூத்திருந்ததைப் பார்த்துத் தலையசைத்தீர்கள். பிறகு டேங்க்குக்கு அடியில் இருந்த ரப்பரை நகத்தால் நெம்பி, இடுக்கிலிருந்து ஏதோ சாம்பல் நிறப் பொடியை எடுத்து விரலில் தேய்த்தீர்கள். முகர்ந்தும் பார்த்தீர்கள். எழுந்தபோது உங்கள் முகம் மாறியிருந்தது. கடை ஓனரைக் கூப்பிடச் சொன்னீர்கள்.

ஓனர் வந்தார். உங்கள் வயதுதான் இருக்கும், வெள்ளைச் சட்டை போட்ட மனிதர். அந்தப் பொடியை அவர் உள்ளங்கையில் வைத்தீர்கள்.

"இது ஆத்துச் சேறு. வெள்ளம் வந்தப்போ எங்க வீட்டுக்குள்ளயும் வந்துது, அலமாரிக் கீல்ல இன்னும் இருக்கு. எத்தனை தடவை துடைச்சாலும் வருது. இந்த வண்டி வெள்ளத்துல முங்கியிருக்கு."

ஓனர் முதலில் மறுத்தார். முழுக்க சர்வீஸ் செய்தாகிவிட்டது, சுத்தமாக இருக்கிறது என்றார். சுத்தமாகத்தான் இருக்கிறது, நனைந்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். குரலை உயர்த்தவே இல்லை. பத்தாம் வகுப்புப் பையன் காப்பியடித்து மாட்டிக்கொண்டால் எப்படிக் கேட்பீர்களோ அப்படித்தான் கேட்டீர்கள். அவர் கையிலிருந்த மண்ணைக் கீழே தட்டினார்.

"சொன்னா யாரு மேடம் வாங்குவாங்க?"

"நான் வாங்குவேன்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் உங்கள் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்து, உங்களுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று கேட்டேன். நீங்கள் சொன்ன பதிலை அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த கடையிலும் பொய்தான் சொல்வார்கள், அது என்ன பொய் என்று நமக்குத் தெரியாது, இங்கே தெரிந்துவிட்டது என்றீர்கள். அது சாமர்த்தியம். அதற்குப் பிறகு சொன்னதுதான் நீங்கள். "வெள்ளத்துல முங்கினதையெல்லாம் தூக்கிப் போடணும்னா, நான் பாதி வீட்டைத் தூக்கிப் போட்டிருக்கணும். கழுவிக் காயவச்சேன். இன்னைக்கும் அதே கட்டில்லதான் படுக்கறேன்."

உள்ளே போய் உங்கள் நிபந்தனைகளைச் சொன்னீர்கள். இன்ஜினை உங்கள் கண் முன்னால் பிரித்துக் காட்ட வேண்டும். ஒயரிங் மொத்தமும் புதிதாக மாற்ற வேண்டும். வண்டி வெள்ளத்தில் நனைந்தது என்பதை விற்பனைத் தாளில் அவர் கைப்பட எழுதித் தர வேண்டும். ஓனர் மூன்றாவதற்குத்தான் தயங்கினார். பிறகு பேனாவை எடுத்தார்.

மூன்று சனிக்கிழமை அந்த ஷோரூமின் பின்பக்க ஷெட்டில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பிரித்த பாகங்களை நோட்டில் படம் போட்டுக்கொண்டீர்கள். பிஸ்டன் ஏன் இந்த அளவு, இந்த எண்ணெய் எத்தனை சூட்டைத் தாங்கும் என்று நீங்கள் கேட்கக் கேட்க மெக்கானிக்குக்கு வேர்த்துவிட்டது. "டீச்சரம்மா, நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சிருந்தா ராத்திரி படிச்சுகினு வந்திருப்பேன்" என்றார். அவரோடு நீங்கள் பழகியதைப் பார்த்தபோது, வகுப்பில் பிள்ளைகள் ஏன் உங்களுக்குப் பயப்படாமலே அடங்கியிருக்கிறார்கள் என்பது புரிந்தது. தெரியாததைக் கேட்க உங்களுக்குக் கூச்சமே கிடையாது.

பெயர் மாற்றி ஆர்.சி. கார்டு வந்த அன்று அதை ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்தீர்கள். வீடு அவர் பெயரில் இருந்தது, கேஸ் கனெக்‌ஷன் அவர் பெயரில் இருந்தது, என் பெயரில் வந்த முதல் சொத்து இதுதான் என்று சொல்லி என் கையில் கொடுத்தீர்கள். கார்டு என் கையிலிருந்து ஒவ்வொரு மேசையாகப் போய் கடைசியில் பியூன் அக்காவிடம் வந்து நின்றது. அவர் அதை முந்தானையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஓட்டக் கற்றுக்கொண்டது ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பள்ளி மைதானத்தில். கற்றுக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர். கிளட்ச்சை மெதுவாக விடுங்கள் அக்கா என்பார். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக என்று கேட்பீர்கள். வண்டி தவளை மாதிரி எகிறி நின்றுபோகும். இப்படியே இரண்டு வாரம். கடைசியில் அவர்தான் வழி கண்டுபிடித்தார். "தூளியில குழந்தை தூங்குது, கதவைச் சாத்தணும். எப்படிச் சாத்துவீங்களோ அப்படி விடுங்க." அடுத்த முறை வண்டி எகிறவில்லை. நீங்கள் மைதானத்தைச் சுற்றி வந்தீர்கள். நிறுத்தத் தெரியாமல் மூன்று சுற்று வந்தீர்கள். என் மகள் கீர்த்தனா அப்போது எட்டாம் வகுப்பு. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு சுற்றையும் சத்தமாக எண்ணினாள்.

லைசென்ஸ் வாங்கியதும் தினமும் வண்டியில்தான் வந்தீர்கள். சுடிதாரில் வந்து, ஆய்வுக்கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு புடவை மாற்றுவீர்கள். பல்லாவரத்தில் வலது பக்கம் இருக்கிற கடைகளை ஒவ்வொன்றாக என்னிடம் வந்து சொல்வீர்கள். ஒரு பொரி கடை, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை, மாடியில் தட்டச்சு வகுப்பு. எல்லாமே அங்கேயே இருந்திருக்கிறது சுமதி, எனக்குத்தான் முதுகுப் பக்கம் இருந்திருக்கிறது என்றீர்கள்.

ஒரு வருடம் நன்றாகப் போயிற்று.

கேம்ப் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த சமயம், ஒரு ஆட்டோ குறுக்கே வர, நீங்கள் பிரேக் பிடிக்க, முன்சக்கரம் மணலில் சறுக்கி விழுந்துவிட்டீர்கள். இடது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் ஓடி வந்தபோது நீங்கள் கட்டுப் போட்டுக்கொண்டு நர்சிடம் அந்த மாவு எப்படி இறுகுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் உங்களைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தேன். காதுக்கு மேலே விரல் நுழைகிற அளவு பள்ளமாகத் தேய்ந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும், உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், டேனியலுக்குப் போன் செய்தேன். அம்மாவை இனி வண்டி ஓட்ட விடாதே என்றேன். அழுதேன் என்றும் நினைவு.

டேனியல் மறுநாளே வந்தான். சாவியை எடுத்துக்கொண்டான். வண்டியைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றி, வாங்கின அதே ஷோரூமில் விற்கச் சொல்லி விட்டுவிட்டு ஊருக்குப் போனான். நீங்கள் அவனிடம் ஒன்றும் சண்டை போடவில்லை. அவன் ரயில் கிளம்பிய மறுநாள், கையில் மாவுக்கட்டோடு ஷோரூமுக்குப் போனீர்கள். அங்கே நடந்ததை மெக்கானிக் சொல்லித்தான் பிறகு எனக்குத் தெரியும். வண்டியை ஓனர் கடை முன்னால் நிறுத்தவே இல்லையாம். பின்னால் ஷெட்டில் துணி போட்டு மூடி வைத்திருந்தாராம்.

"ஆர்.சி. உங்க பேர்ல கீது மேடம். நீங்க வந்து வாயால சொல்லணும். பையன் சொன்னான்னு நான் எப்படி விப்பேன்?" என்றாராம்.

அந்த மனிதருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று, அக்கா.

யார் போன் செய்தது என்று டேனியல் உங்களிடம் சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன். லீவு முடிந்து நீங்கள் பள்ளிக்கு வந்த அன்று நான் உங்களுக்காக ரசம் கொண்டுவந்திருந்தேன். நன்றி என்று சொல்லிவிட்டு அதைத் தொடாமல் மூடி வைத்தீர்கள். அதற்குப் பிறகு இரண்டு மாதம், வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை இல்லை. வருகைப் பதிவேடு, கேள்வித்தாள், மணி அடித்ததா இல்லையா. ஒரே மேசை. நீங்கள் கோபத்தைக் காட்டியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது சொல்லி அழுது முடித்திருப்பேன். நீங்கள் என்னிடம் மரியாதையாக இருந்தீர்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. உங்கள் நன்மைக்குத்தானே செய்தேன் என்று வீட்டில் அவரிடம் தினமும் வாதாடினேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, இதை என்னிடம் ஏன் சொல்கிறாய் என்று ஒருநாள் கேட்டார்.

ஒரு சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்து வெளியே வந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் சிவப்பு வண்டியோடு நின்றிருந்தீர்கள். கட்டுப் பிரித்திருந்தது. கையில் இன்னொரு ஹெல்மெட்.

"ஏறு. ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காரு."

எங்கே என்று கேட்கவில்லை. நல்லவேளையாக அன்று சுடிதார் போட்டிருந்தேன். ரயில்வே பாலம் ஏறி மேற்குத் தாம்பரம் இறங்கி, முடிச்சூர் வழியாகப் படப்பை வரைக்கும் ஓட்டினீர்கள். முதல் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். லாரிகள் தாண்டிப் போகும்போது உங்கள் தோளை நசுக்கியிருப்பேன்.  ஒவ்வொரு பள்ளத்துக்கு முன்னாலும் தலையை லேசாகத் திருப்பி, பள்ளம் என்று மட்டும் சொன்னீர்கள். கண்ணைத் திறந்தபோது ஏரியின் தண்ணீர் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் எவ்வளவு நிதானமாக ஓட்டுவீர்கள் என்பதை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். ஒரு வருடமாகப் பயந்தேனே தவிர, ஒரு நாளும் பின்னால் ஏறிப் பார்த்ததில்லை.

படப்பை மார்க்கெட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு வேறு வழி தெரியவில்லை அக்கா என்று ஆரம்பித்தேன். நீங்கள் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் முழுதும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"பயந்தது நீ. பதில் சொல்ல வேண்டியது நான். நடுவுல அவன் எதுக்கு சுமதி?"

அவ்வளவுதான் சொன்னீர்கள். பிறகு, பஜ்ஜி சூடாக இருக்கிறது, சாப்பிடலாமா என்று கேட்டீர்கள். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். டீக்கடைக்காரர், காரம் அதிகமோ என்று தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சிரித்தோம்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் ஓட்டினீர்கள். பணி ஓய்வு பெற்ற நாளில்கூட, மாலையையும் சால்வையையும் பின்சீட்டில் கட்டிக்கொண்டு வண்டியில்தான் வீட்டுக்குப் போனீர்கள். ஓய்வு பெற்ற அடுத்த வருடமே கணையத்தில் நோய் என்றார்கள். ஆறே வாரம். டேனியல் லீவு போட்டு வந்து கூடவே இருந்தான். நான் பார்க்க வரும்போதெல்லாம் வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருக்கும். பேட்டரி இறங்கிவிடக் கூடாது, தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வை என்று அவனுக்கு நீங்கள் போட்ட உத்தரவு. ஜன்னல் வழியாக அந்தச் சத்தத்தைக் கேட்டபடி, செயின் தளர்ந்திருக்கிறது, போய்ப் பார்க்கச் சொல் என்பீர்கள். சரியாகத்தான் இருக்கும்.

அடக்கம் முடிந்து, எல்லாரும் கலைந்த பிறகு டேனியல் என்னிடம் வந்தான். வண்டியைப் புனேவுக்கு ரயிலில் அனுப்ப ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னான். "அன்னைக்கு நீங்க போன் பண்ணதும் நான் அம்மாகிட்டே கேக்கவே இல்ல ஆன்ட்டி. நேரா வந்து சாவிய எடுத்துட்டேன்" என்றான். நானும் அவன் அம்மாவைக் கேட்கவில்லை என்றேன். 

இதையெல்லாம் சொல்லிவிட்டு, போன மாதம் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் முடியாது. கீர்த்தனாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது, அக்கா. இங்கே இல்லை, அஸ்ஸாமில். தேயிலை ஆராய்ச்சி செய்கிற இடம். வேதியியல் எடுத்ததற்குக் காரணம் நீங்கள் என்று இன்றும் சொல்வாள். அவள் வேலைக் கடிதத்தைக் காட்டிய நிமிடத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பாஷை தெரியாது, ஆள் தெரியாது, போய்ச் சேரவே இரண்டு நாள். அவள் பெரியப்பா பேச்சுக்கு அவள் கட்டுப்படுவாள். அவர் ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொன்னால் போதும். ஒரு மத்தியானம் போனைக் கையில் எடுத்து, அவர் பெயரைத் தேடி எடுத்தும்விட்டேன்.

படப்பையில் உங்கள் கையில் ஆறிக்கொண்டிருந்த டீ நினைவுக்கு வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் அறைக்குப் போனேன். கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன்.

"நீ அவ்ளோ தூரம் போறது எனக்குப் பயமா இருக்குடி."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். எதற்கெல்லாம் பயம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். தங்குமிடம், சாப்பாடு, உடம்புக்கு வந்தால் யார் பார்ப்பார்கள், எல்லாம். சிலவற்றுக்கு அவளிடம் பதில் இருந்தது. விடுதி அறையின் படத்தைக் காட்டினாள், உடன் தங்கப்போகிற பெண்ணின் எண்ணை எனக்கு அனுப்பினாள். சிலவற்றுக்கு அவளிடம் பதில் இல்லை.  பிறகு நகர்ந்து வந்து என் தோளில் தலையைச் சாய்த்தாள்.

"எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்."

அன்று சாயங்காலம்வரை இருவரும் பேசிக்கொண்டே அவள் பெட்டியை அடுக்கினோம்.